உறைந்த ஏரியில் மிதிவண்டி: அறிகுறி வழியே பிழை நீக்கும் முறை

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தின் மினியாபொலிஸ் நகரில், நகர மையத்துக்குத் தென்மேற்கே பிடே மக்கா ஸ்கா, லேக் ஆஃப் தி ஐல்ஸ், சீடார், ஹாரியட் என்று ஏரிகள் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. இவை பெரும்பாலும் டிசம்பரில் உறைந்து ஏப்ரல் வாக்கில் உருகும். இடைப்பட்ட மாதங்களில் மீன் பிடிப்பவர்களும் சறுக்குபவர்களும் நடப்பவர்களும் ஏரியின் மேல்தான் இருப்பார்கள். அவர்களுக்கிடையே தடித்த டயர் மாட்டிய மிதிவண்டிக்காரர்களும் உண்டு. பனிக்கும் மணலுக்குமான தடித்த டயர் மிதிவண்டியைக் கடைகளில் பரவலாக்கிய, சர்லி நிறுவனத்தின் பக்ஸ்லி என்ற வண்டி 2005-இல் வந்தது; அந்த நிறுவனம் இருப்பதும் பக்கத்து ஊரான புளூமிங்டனில்தான்.

இந்த ஏரிகளில் வண்டி ஓட்டும்போது ஏற்படும் கோளாறுகளை, கண்ணுக்கோ காதுக்கோ கைக்கோ முதலில் தென்படும் அறிகுறியை வைத்து இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். பல குளிர்காலங்கள் ஓட்டிய பிறகு எனக்கு உறுதிப்பட்ட ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: வண்டி பழுதாவதற்குக் குளிர் நேரடிக் காரணமாவது குறைவு, வெதுவெதுப்பான இடத்தில் உள்ளே புகுந்த நீர் ஏரிக்கு வந்ததும் உறைவதே பெரும்பாலான பழுதுகளுக்குக் காரணம். ஆகவே கீழே வரும் தீர்வுகளில் பாதி, ஏரியில் செய்ய வேண்டியவை அல்ல, முந்தைய நாள் வீட்டில் செய்திருக்க வேண்டியவை.

ஏரியின் அறிகுறிகளை முதலில் வைத்திருக்கிறேன். வண்டியின் கோளாறைச் சரிசெய்ய நேரம் கிடைக்கும். பனிக்கட்டியின் கோளாறுக்கு ஒரே தீர்வுதான், வந்த வழியே கரைக்குத் திரும்புவது.

காலடியில் பனிக்கட்டி உறுமுகிறது, அல்லது எங்கோ வெடிக்கிறது

புதிதாக ஏரியில் இறங்குபவரை முதலில் கதிகலங்க வைப்பது இந்த ஒலிதான். பகலில் வெயில் பட்டு விரியும் பனிக்கட்டியும், மாலையில் குளிர்ந்து சுருங்கும் பனிக்கட்டியும் விரிசல் விடும். அந்த ஓசை ஏரி முழுவதும் இடியைப் போல உருண்டோடும். தொலைவில் விரிசல் விட்டால் "ப்யூ" என்று மேலிருந்து கீழே வழுக்கி இறங்கும் ஒரு விசித்திரமான ஒலி கேட்கும். பனித்தகட்டின் வழியே கீச்சு ஒலி வேகமாகவும் தாழ்ந்த ஒலி மெதுவாகவும் பயணம் செய்வதால், ஒரே வெடிப்பின் ஒலி காதில் நீண்டு விழுகிறது. இந்த ஓசைகளை மட்டும் வைத்து ஆபத்து என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. தடித்த பனிக்கட்டியும் இப்படித்தான் பேசும். அதேபோல் ஓசையே இல்லாத ஏரி பாதுகாப்பானது என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஓசையோடு கூடவே புது விரிசல் கண்முன்னே ஓடி அதில் நீர் ஊறினால், அல்லது சக்கரத்தின் அடியில் தளம் இலேசாகத் தாழ்வது போலத் தோன்றினால், அது வேறு கதை. உடனே வண்டியை விட்டு இறங்கி, அதைத் தள்ளிக்கொண்டு, வந்த தடத்திலேயே திரும்ப வேண்டும். கூட வருபவர் நெருங்கி வந்து எட்டிப் பார்க்கக் கூடாது.

பனிக்கட்டியின் நிறம் மாறுகிறது

கருப்பாகத் தெரியும் தெளிந்த பனிக்கட்டிதான் வலுவானது. கருப்பு என்பது அதன் ஊடாகத் தெரியும் ஆழத்தின் நிறமே தவிர, அதன் சொந்த நிறம் அன்று. வெண்பனி நனைந்து உறைந்ததால் உருவாகும் வெள்ளைப் பனிக்கட்டியில் காற்றுக் குமிழ்கள் நிறைந்திருக்கும். அதற்குப் பாதி வலுதான் என்று கணக்கிட வேண்டும். மினசோட்டா இயற்கை வளத்துறை, தெளிந்த புதுப் பனிக்கட்டியின் மேல் ஒருவர் நடந்து செல்லக் குறைந்தது 4 அங்குலத் தடிமன் வேண்டும் என்றும், வெள்ளைப் பனிக்கட்டியானால் அதை இரட்டிப்பாக்க வேண்டும் என்றும், 150 அடிக்கு ஒருமுறையாவது அளந்து பார்க்க வேண்டும் என்றும் அறிவுறுத்துகிறது. எந்தப் பனிக்கட்டியும் முற்றிலும் பாதுகாப்பானது அல்ல என்பதையும் சேர்த்தே சொல்கிறது. மிதிவண்டி நடப்பவரைவிட விரைவாகப் பலவீனமான இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும் என்பதால், நான் தெளிந்த பனிக்கட்டியில் 6 அங்குலத்துக்குக் குறைந்தால் வண்டியைக் கரையிலேயே சாத்திவிடுவேன். சாம்பல் நிறம் என்றால் உள்ளே நீர் இருக்கிறது என்று பொருள். அதற்குத் தடிமன் கணக்கே கிடையாது, இறங்கக் கூடாது.

நடு ஏரியில் ஓர் அடி தடிமன் இருப்பது, கால்வாய்ப் பக்கத்துக்கு உத்தரவாதம் ஆகாது. லேக் ஆஃப் தி ஐல்ஸ் ஏரியைப் பிடே மக்கா ஸ்காவோடும் சீடார் ஏரியோடும் இணைக்கும் கால்வாய்களில் நீர் நகர்ந்துகொண்டே இருக்கும். பாலத்தின் அடியில் பனிக்கட்டி எப்போதும் மெலிந்தே இருக்கும். ஓர் ஏரியிலிருந்து இன்னோர் ஏரிக்குப் போக வேண்டுமானால் கரையேறி, சாலை வழியே சுற்றிப் போவதே முறை. ஐந்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

சக்கரத் தடத்தில் நீர் ஊறுகிறது

கனமான வெண்பனி பொழிந்த மறுநாள் இதைக் காணலாம். பனியின் சுமை பனிக்கட்டித் தகட்டைக் கீழே அழுத்த, விரிசல்கள் வழியே ஏரி நீர் மேலேறி, வெண்பனிக்கு அடியில் கூழாகத் தேங்கி நிற்கும். மேலே இருக்கும் வெண்பனி கம்பளிபோல் போர்த்திக் காப்பதால், வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி இருந்தாலும் அந்தக் கூழ் எளிதில் உறையாது. கீழே உள்ள பனிக்கட்டி தடிமனாக இருந்தால் இது உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் வண்டிக்குக் கேடு. கூழைத் தெறித்துக்கொண்டு வெளியே வந்த மறு நிமிடத்தில் செயின், ரிம், பிரேக், கியர் எல்லாவற்றின் மேலும் அது கல்லாக உறைந்துவிடும். ஆகவே தடம் இருண்டு ஈரமாகத் தெரிந்த உடனே நிறுத்த வேண்டும். தைரியமாக மிதித்துக் கடந்துவிடலாம் என்று எண்ணக் கூடாது. ஏற்கெனவே சிக்கியிருந்தால், நிற்காமல் பெடலைச் சுற்றிக்கொண்டும் கியரை மேலும் கீழும் மாற்றிக்கொண்டும் கரை சேர வேண்டும். அசையும் பாகத்தில் பனி இறுகுவதற்குச் சற்று நேரம் பிடிக்கும்.

பனிக்கட்டி உடைந்து நீருக்குள் விழுந்தாயிற்று

இது நடக்காமல் இருப்பதற்காகத்தான் மேலே உள்ளவை. நடந்துவிட்டால் முதலில் வண்டியை விட்டுவிட வேண்டும். அது எத்தனை விலையானாலும் சரி. கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தின் கார்டன் கீஸ்பிரெக்ட், தம் உடலையே பனிநீரில் அமிழ்த்தி ஆராய்ந்தவர். அவர் பரப்பிய கணக்கு ஒன்று, பத்து, ஒன்று என்பது: மூச்சு திணறுவது அடங்க ஒரு நிமிடம், கைகால் பயன்படும் நிலையில் இருக்கும் பத்து நிமிடம், குளிரால் நினைவு தப்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம். அதாவது குளிர்ந்த நீரில் விழுந்தவர் உடனே உறைந்து இறப்பதில்லை. முதல் நிமிடத்தின் பதற்றத்தில் நீரை விழுங்குவதுதான் பெரிய ஆபத்து. மூச்சைச் சீராக்கிக்கொண்டு, எந்தப் பக்கமிருந்து வந்தோமோ அந்தப் பக்கமே திரும்ப வேண்டும். அங்கேதான் பனிக்கட்டி நம்மைத் தாங்கியது. கழுத்தில் கயிற்றோடு தொங்கும் கூர்முனைப் பிடிகள் இரண்டையும் விளிம்பில் குத்தி, கால்களை நீந்துவதுபோல் பின்னே உதைத்து, வயிற்றால் ஊர்ந்து மேலேறிய பிறகு, எழுந்து நிற்காமல் உருண்டே விலக வேண்டும். அந்தப் பிடிகள் பைக்குள் இருந்தால் இல்லாததற்குச் சமம்.

திரும்பும்போது முன்சக்கரம் வழுக்கிப் போகிறது

சாலையில் திருப்பத்துக்கு வண்டியைச் சாய்த்துப் பழகிய உடல் ஏரியிலும் சாய்க்கிறது. இதுதான் முதல் காரணம். பனிக்கட்டியில் வண்டியை நேராக நிறுத்தி, ஹேண்டில்பாரை மட்டும் சிறிது திருப்பி, பெரிய வட்டமாகவே வளைய வேண்டும். திருப்பத்தின் நடுவே முன் பிரேக்கைத் தொடவே கூடாது.

இரண்டாவது காரணம் டயர். உருவத்தில் தடித்த டயராக இருப்பது வெண்பனியில் மிதக்க உதவுமே தவிர, வழுவழுப்பான பனிக்கட்டியில் பிடிப்பைத் தராது. பிடிப்பைத் தருவது ஆணிகள் மட்டுமே. முனையில் டங்ஸ்டன் கார்பைடு பதித்த ஆணிகளே தாங்கும். வெறும் எஃகு ஆணி, வழியில் இருக்கும் தார்ச்சாலையிலேயே தேய்ந்துவிடும். ஆணி டயர் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அதை முன்சக்கரத்தில் மாட்ட வேண்டும். பின்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் கால் ஊன்றிச் சமாளிக்கலாம். முன்சக்கரம் வழுக்கினால் கால் ஊன்றுவதற்குள் தோள்பட்டை தரையில் இருக்கும்.

ஆணி டயர் மாட்டியும் வழுக்குகிறதென்றால் கையுறையைக் கழற்றி ஆணிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்க வேண்டும். நல்ல ஆணியின் முனை விரலை நெருடும். தேய்ந்த ஆணி சட்டைப் பொத்தான்போல் மழுங்கியிருக்கும். விழுந்துவிட்ட ஆணியின் இடத்தில் சின்னக் குழி தெரியும். புது டயரில் ஆணிகள் கொத்தாக விழுந்திருந்தால், அது பழக்கப்படுத்தாமல் ஓட்டியதன் விளைவு. புதிதாக மாட்டியதும் முதல் 40 கிலோமீட்டரைத் தார்ச்சாலையில், திடீரென்று மிதிக்காமலும் பிரேக் பிடிக்காமலும் ஓட்டினால்தான் ஆணிகள் தம் குழியில் இறுகி அமரும். இந்த விதியை டயர் விற்பவர்கள் அட்டையிலேயே அச்சிடுகிறார்கள், பொழுதுபோக்காகவாவது படிக்கலாம்.

மூன்றாவதாக, அன்றைய வெப்பநிலையையும் பார்க்க வேண்டும். பூஜ்யத்தை ஒட்டிய நாளில் பனிக்கட்டியின் மேல் மெல்லிய நீர்ப்படலம் இருக்கும், வழுக்கல் மிகும். நன்றாகக் குளிர்ந்த நாளில் அதே ஏரி சொரசொரப்பாகத் தோன்றும்.

சக்கரம் பக்கவாட்டில் வழுக்காமல் திடீரென்று பிடித்து இழுத்ததுபோல் விழுந்தீர்கள் என்றால், அது விரிசலில் மாட்டியது. சுருக்க விரிசல்கள் தண்டவாளம்போல் நீளமாக ஓடும். தண்டவாளத்தைக் கடப்பதைப் போலவே செங்குத்தாகக் கடக்க வேண்டும். அதற்கு இணையாக ஓட்டக் கூடாது.

கிளம்பும்போது சரியாக இருந்த டயர், ஏரியில் காற்று இறங்கியதுபோல் இருக்கிறது

பஞ்சர் என்று எண்ணி ட்யூபைக் கழற்றுவதற்கு முன் ஒரு கணக்கைப் போட வேண்டும். வீட்டுக்குள் 20 டிகிரியில் தடித்த டயருக்கு 8 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) காற்று அடித்ததாக வைத்துக்கொள்வோம். அளவி காட்டுவது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேலான கூடுதலை மட்டுமே; உண்மையான அழுத்தம் அதோடு 14.7 சேர்ந்து 22.7. ஏரியில் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி என்றால், தனி வெப்பநிலை 293-லிருந்து 253 கெல்வினுக்கு இறங்குகிறது. அழுத்தமும் அதே விகிதத்தில் குறைந்து ஏறத்தாழ 19.6 ஆகிறது. அதிலிருந்து 14.7-ஐக் கழித்தால் அளவி காட்டுவது 4.9. ஒரு துளிக் காற்றுகூட வெளியேறாமலே எட்டு ஐந்தாகிவிட்டது. சாதாரண டயரில் 40 பிஎஸ்ஐ அடித்திருந்தால் அது 32-க்குச் சற்று மேலே நிற்கும். அங்கே வித்தியாசம் அவ்வளவாக உறைக்காது. தடித்த டயரில் மூன்று பிஎஸ்ஐ என்பது வண்டியின் குணத்தையே மாற்றிவிடும்.

ஆகவே வண்டியை அரை மணி நேரம் வெளியே குளிரவிட்டு, அதன் பிறகே காற்றை அளந்து சரிசெய்ய வேண்டும். சாதாரண பம்பின் முள் 5-க்கும் 8-க்கும் வேறுபாடு காட்டாது; குறைந்த அழுத்தத்துக்கான தனி அளவி ஒன்றை வாங்கிவிடுவது நல்லது.

காற்று உண்மையாகவே குறைந்துகொண்டு போகிறதென்றால் வால்வைப் பார்க்க வேண்டும். வால்வு ரிம்மிலிருந்து நேராக நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், அழுத்தம் போதாமல் டயர் ரிம்மின் மேல் நகர்கிறது, ட்யூபையும் கூடவே இழுக்கிறது என்று பொருள். அப்படியே ஓட்டினால் வால்வின் அடி கிழிந்துவிடும். அந்த இடத்தில் ஒட்டுப் போட முடியாது. காற்றை முழுவதும் இறக்கி, டயரைக் கையால் திருப்பி, வால்வை நிமிர்த்தி, முன்பைவிட ஒரு பிஎஸ்ஐ கூட்டி அடிக்க வேண்டும்.

ட்யூப் இல்லாத டயர் வைத்திருப்பவர்கள், உள்ளே ஊற்றிய அடைப்புப் பால் கடுங்குளிரில் கெட்டியாகி ஓட்டையை அடைக்காமல் போகலாம் என்பதை நினைவில் வைத்து, மாற்று ட்யூப் ஒன்றைக் கொண்டுபோக வேண்டும்.

பெடல் சுற்றுகிறது, செயின் ஓடுகிறது, வண்டி நகரவில்லை

ஏரியின் நடுவே வண்டியை முற்றாக முடக்கும் கோளாறு இது ஒன்றுதான். அதனால் இதைச் சற்று விரிவாகவே பார்க்கலாம்.

பின்சக்கரத்தின் நடுக்குடமான ஹப்புக்குள் சின்னச் சின்னக் கொக்கித் துண்டுகள் உண்டு. மிதிக்கும்போது இவற்றை ஒரு மெல்லிய ஸ்பிரிங் தூக்கிவிட, இவை பல்வளையத்தைப் பிடித்துச் சக்கரத்தைச் சுழற்றும். மிதிப்பதை நிறுத்தினால் பற்களின் மேல் "டிக் டிக்" என்று தாவிக்கொண்டு போகும். உள்ளே உள்ள கிரீஸ் குளிரில் மெழுகாக இறுகினாலோ, புகுந்த நீர் உறைந்தாலோ, அந்தச் சின்ன ஸ்பிரிங்கால் கொக்கியைத் தூக்க முடியாது. கொக்கி படுத்தே கிடக்கும். நாம் வெட்டவெளியில் மிதிப்போம்.

சோதிப்பது எளிது. வண்டியைக் கவிழ்த்து வைத்து, சக்கரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்னோக்கிச் சுற்ற வேண்டும். டிக் டிக் ஒலி கேட்டால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. ஒலியே இல்லாமல் வழவழவென்று சுற்றினால் கொக்கிகள் உறைந்துவிட்டன. ஒலி மந்தமாக, ஒன்றுவிட்டு ஒன்று கேட்டால், இன்னும் சிறிது நேரத்தில் உறையப் போகின்றன. அப்போதே கரைக்குத் திரும்பினால் நடக்க வேண்டியிருக்காது.

பிளாஸ்கில் இருக்கும் தேநீரையோ வெந்நீரையோ ஹப்பின் மேல் ஊற்ற வேண்டும் என்று தோன்றும். ஊற்றினால் ஐந்து நிமிடம் வேலை செய்யும். பிறகு அந்த நீரும் உள்ளே போய் உறைந்து முன்பைவிட மோசமாகும். அதற்குப் பதிலாக, கையுறைக்குள் வைக்கும் வெப்பப் பொட்டலங்கள் இரண்டை ஹப்பின் இருபுறமும் வைத்து, ஒரு மப்ளரால் இறுகச் சுற்றிக் கட்டி, கால் மணி நேரம் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும்போது இடையிடையே பெடலைப் பின்னோக்கிச் சுற்றிப் பார்க்கலாம். டிக் டிக் கேட்கத் தொடங்கிய உடனே கட்டைப் பிரித்து, எங்கும் நிற்காமல் கரைக்கு ஓட்ட வேண்டும்.

அதுவும் பலிக்கவில்லையென்றால் கடைசி வழி ஒன்று உண்டு. பிளாஸ்டிக் கட்டுப்பட்டைகள் ஐந்தாறு எடுத்து, பின்பக்கத்தின் பெரிய பற்சக்கரத்தைச் சக்கரக் கம்பிகளோடு சுற்றிலும் சமமாகப் பரவலாகக் கட்டிவிட வேண்டும். இப்போது கொக்கிகளின் தயவு இல்லாமல் பற்சக்கரமே சக்கரத்தை நேரடியாகச் சுழற்றும். முதல் முறை இதைச் செய்தபோது கையுறையோடு பட்டையை நுழைக்க முடியவில்லை. கையுறையைக் கழற்றினால் முப்பது நொடிக்கு மேல் விரல் ஒத்துழைக்கவில்லை. ஒரு பட்டைக்கு ஒருமுறை கையை அக்குளில் வைத்துச் சூடேற்றிக்கொண்டுதான் முடித்தேன். இப்படிக் கட்டிய வண்டியில் மிதிப்பதை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் சக்கரம் செயினை இழுத்துக்கொண்டு போய்க் கியர் கொக்கியை வளைத்துவிடும். நடைவேகத்தில், சீராக, நிற்பதற்கு முன் பின் பிரேக்கால் மெல்ல அடக்கி ஓட்ட வேண்டும்.

நிரந்தரத் தீர்வு வீட்டில்தான் இருக்கிறது. ஹப்பைப் பிரித்து, பழைய கிரீஸை முழுவதும் துடைத்து, கொக்கிகள் இருக்கும் பகுதியில் கடுங்குளிரிலும் இளகியிருக்கும் மெல்லிய எண்ணெயை மட்டும் சில துளிகள் விட வேண்டும். நம் ஊர் சைக்கிள் கடைகளில் இறுகிப்போன ஃப்ரீவீலை மண்ணெண்ணெய் விட்டுச் சுற்றிக் கழுவுவதைப் பார்த்திருப்பீர்கள்; தத்துவம் அதுவேதான். ஆனால் பேரிங் குண்டுகளின் கிரீஸையும் சேர்த்துக் கழுவிவிடக் கூடாது. அங்கே நீர் புகாமல் தடுக்க அது வேண்டும்.

கியர் மாறவில்லை

லீவரை அழுத்தினால் கேபிள் தளர்ந்து தொங்குகிறது, செயின் நகர மறுக்கிறது என்றால், கேபிள் உறைக்குள் புகுந்த நீர் உறைந்திருக்கிறது. ஏரியில் இதற்குச் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. கையால் செயினை நடுத்தரமான பல்லில் தூக்கி வைத்துவிட்டு, அதிலேயே வீடு திரும்பலாம். ஏரியில் மேடு பள்ளம் கிடையாது. வீட்டில் கேபிளை உருவி, உறையை ஒரு நாள் முழுவதும் உலரவிட்டு, மெல்லிய எண்ணெய் தடவி மாட்ட வேண்டும். இடையில் வெட்டு இல்லாத முழுநீள உறை போட்டால் நீர் புகும் வாய்கள் குறையும். பற்சக்கரங்களின் இடுக்கில் பனி அடைந்திருந்தால் செயின் பல்லின் மேல் ஏறி வழுக்கும். அதைச் சின்னத் திருப்புளியால் சுரண்டி எடுத்தால் போதும்.

பிரேக் பிடிக்கவில்லை, அல்லது பிடித்தால் விடவில்லை

டிஸ்க் பிரேக்கில் முதல் அழுத்தத்துக்குப் பலனே இல்லாமல் இரண்டாவது, மூன்றாவது அழுத்தத்தில் பிடித்தால், டிஸ்க்கின் மேல் பனிப்படலம் இருக்கிறது. ஓடும்போது அவ்வப்போது பின் பிரேக்கை இலேசாக உரசிக்கொண்டே வந்தால் படலம் தங்காது. லீவர் தேனில் அமிழ்ந்ததுபோல் மெதுவாகப் போய் மெதுவாகத் திரும்பினால், அது திரவத்தால் இயங்கும் பிரேக், உள்ளே இருப்பது பெரும்பாலும் மினரல் ஆயில்; அது கடுங்குளிரில் தடித்துவிடும். டாட் (DOT) எனப்படும் இன்னொரு வகைப் பிரேக் திரவம் குளிரை நன்றாகத் தாங்கும். அதற்காக ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை ஊற்றக் கூடாது; உள்ளே உள்ள ரப்பர் வளையங்கள் ஒன்றுக்கானவை மற்றதில் கெட்டுவிடும். பிரேக்கையே மாற்றுவது அல்லது மெதுவான லீவருக்குப் பழகுவது, இரண்டில் ஒன்றுதான் வழி. நான் கேபிளால் இயங்கும் டிஸ்க் பிரேக்குக்கு மாறிவிட்டேன். அதன் கேபிளும் உறையும், ஆனால் காரணம் கண்ணுக்குத் தெரியும்.

வண்டியை நிறுத்திவிட்டுத் தேநீர் குடித்து வருவதற்குள் சக்கரம் அசையவில்லையென்றால், ஈரமான பிரேக் கட்டைகள் டிஸ்க்கோடு ஒட்டி உறைந்திருக்கின்றன. வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி விடுவித்துவிடலாம். மிதித்து விடுவிக்க முயலக் கூடாது.

ஒவ்வொரு முறையும் கிளம்பிய பத்தாவது நிமிடத்தில் எல்லாமே இறுகுகிறது

மேலே சொன்ன மூன்று கோளாறுகளும் ஒரே நாளில், கூழில் இறங்காமலே வந்தால், வண்டி இரவு எங்கே நின்றது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். குளிர்ந்த வண்டியைச் சூடான வீட்டுக்குள் கொண்டுவந்தால், குளிர்நீர் ஊற்றிய சொம்பின் வெளிப்புறம்போல் அதன் மேலெல்லாம் நீர் அரும்பும். சட்டகத்தின் உள்ளேயும், கேபிள் உறையிலும், ஹப்பிலும் அரும்பும். மேல்புறம் காய்ந்துவிடும், உள்ளே இருப்பது காயாது. மறுநாள் ஏரியில் அது உறையும். பருவம் முழுவதும் வண்டியைச் சூடேற்றாத கொட்டகையிலேயே நிறுத்துவது சிறந்தது. உள்ளே கொண்டுவந்தே தீர வேண்டுமென்றால் அரைகுறையாக விடாமல், சீட்டுக் கம்பியை உருவிச் சட்டகத்தைக் கவிழ்த்து வடித்து, ஓரிரு நாள் முழுமையாக உலரவிட வேண்டும். இரவு உள்ளே, காலை வெளியே என்பதுதான் மிகக் கெட்ட பழக்கம்.

விரல் மரத்துப் போகிறது, கண்ணாடி மூடிக்கொள்கிறது

பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரியில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால், காற்றே இல்லாத நாளிலும் தோலுக்கு அது ஏறத்தாழ கழித்தல் 24 டிகிரியாக இருக்கும். தடித்த கையுறையைவிட, ஹேண்டில்பாரில் மாட்டி அதற்குள் கையை நுழைக்கும் பெரிய உறைகள் பயன்படும். அவற்றுக்குள் மெல்லிய கையுறையே போதும். பாதம் மட்டும் குளிர்கிறதென்றால், பெடலோடு பூட்டும் காலணியின் அடியில் இருக்கும் உலோகத் தகடு வெப்பத்தை உறிஞ்சுகிறது. தட்டையான பெடலும் விரல்களை ஆட்ட இடமிருக்கும் பூட்சும் வேண்டும். மூக்கு நுனியோ கன்னமோ வெளிறி உணர்ச்சியற்றுப் போனால் தேய்க்கக் கூடாது. வெறுங்கையால் பொத்திச் சூடேற்றி, கரையேற வேண்டும். கண்ணாடியில் ஆவி படிந்து மூடிக்கொள்வது பெரும்பாலும் வாயை மூடிய துணி மூச்சை மேலே திருப்புவதால். துணியை மூக்குக்குக் கீழே இறக்கினால் தெளியும்.

வியர்த்துக் குளிர்கிறதென்றால் வழியை மாற்றிப் பார்க்க வேண்டும். திறந்த ஏரியில் மறைப்பு எதுவும் இல்லை. எதிர்காற்றில் கிளம்பி, காற்று முதுகைத் தள்ளத் திரும்பி வர வேண்டும். தலைகீழாகச் செய்தால் வியர்த்த உடம்போடு எதிர்காற்றில் வீடு திரும்ப நேரும்.

கைபேசி 40 விழுக்காட்டில் திடீரென்று அணைந்தால் அது பழுதன்று; குளிரில் லித்தியம் மின்கலம் அப்படித்தான் நடந்துகொள்ளும். சட்டையின் உட்பையில் வைத்தால் போதும். உறைந்த நிலையில் சார்ஜ் போடக் கூடாது.

தடிமன் ஓர் அடி இருக்கிறது, ஆனால் குத்தினால் ஊசி ஊசியாக உதிர்கிறது

மார்ச் பிற்பகுதியில் இந்த அறிகுறி வரும். வெயில் ஏறஏற, பனிக்கட்டி செங்குத்தான ஊசிகளாகப் பிரிந்து, மெழுகுவர்த்திகளைக் கட்டி நிறுத்தியதுபோல் ஆகிவிடும். அளவுகோலில் தடிமன் இருக்கும், ஊசிகளுக்கிடையே பிணைப்பு இருக்காது. கரையோரத்தில் நீர் தெரியத் தொடங்குவதும் இதே வாரங்களில்தான். இதற்குச் சரிசெய்யும் முறை கிடையாது. ஆணி டயர்களைக் கழற்றி, அவை சுழன்ற திசையைச் சாக்கட்டியால் குறித்து, செயினிலும் பற்சக்கரத்திலும் ஒட்டிய சாலை உப்பை வெதுநீரால் கழுவித் துடைத்து எண்ணெயிட்டு, வண்டியை மாட்டி வைக்க வேண்டியதுதான். ஏரியில் உப்பு இல்லை. ஏரிக்குப் போகும் சாலையில்தான் இருக்கிறது.